நாலு நாள் மாத்திரை நின்னா என்ன ஆகும்? பீட்டா பிளாக்கரின் கதை

இன்னைக்கு ராஜா கதையும் இல்ல, போர்க் கதையும் இல்ல. ஒரு மாத்திரையோட வரலாறு. காரணம், காங்கேயத்துல இருக்கிற என் அமுச்சி.

அமுச்சிக்கு நெஞ்சு வலி உண்டு. அஞ்சு வருஷமா அட்டெனலால் சாப்பிடுறாங்க. மாசா மாசம் வாங்கி அனுப்புறது என் வேலை. போன தீபாவளி சமயத்துல ஆபீஸ்ல ரிலீஸ் டென்ஷன், மறந்துட்டேன். அமுச்சியும் கேக்கல. "நல்லாத்தான் இருக்கறேன் கண்ணு, எதுக்கு சாமி மாத்திரை?"ன்னு விட்டுட்டாங்க. நாலாவது நாள், தேங்காய்ப் பருப்பு காயுற களத்துப் பக்கம் நடந்து போனவங்க அப்படியே நெஞ்சப் புடிச்சு உக்காந்துட்டாங்க. ஆஸ்பத்திரில டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "மாத்திரை நின்னு எத்தனை நாளாச்சுங்க?"

அந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு.

1948ல அமெரிக்காவுல ரேமண்ட் ஆல்குவிஸ்ட் ஒரு யோசனை சொன்னார். அட்ரினலின் நம்ம உடம்புல ஒரே வகைக் கதவைத் தட்டல. ஆல்ஃபா, பீட்டான்னு ரெண்டு வகைக் கதவு இருக்கு. இதயத்த வேகமா அடிக்க வைக்கிறது பீட்டா. அப்ப அதைப் பெரும்பாலானவங்க கண்டுக்கல.

அதே சமயம் ஜேம்ஸ் பிளாக்னு ஒரு ஸ்காட்லாந்து இளைஞர், படிப்புக் கடனை அடைக்க சிங்கப்பூர்ல லெக்சரரா வேலை பார்த்துட்டு இருந்தார். எஜுகேஷன் லோன் கட்டுற நமக்கு இது புரியும்! 1958ல ஐ.சி.ஐ. கம்பெனில சேர்ந்தார். அதுவரைக்கும் நெஞ்சு வலி மருந்துன்னா இதயத்துக்கு ரத்தம் அதிகமா அனுப்பணும்னுதான் யோசிச்சாங்க. பிளாக் தலைகீழா யோசிச்சார். இதயத்தோட தேவையைக் குறைச்சா என்ன? பீட்டா கதவை அடைச்சிட்டா அது மெதுவா அடிக்கும், கம்மி ஆக்சிஜனே போதும்.

முதல்ல வந்த புரோனெத்தலால் எலிகள்ல கட்டி உண்டாக்குனதால கைவிடப்பட்டுச்சு. அடுத்து, 1960-களின் நடுவுல, புரோப்ரனலால் வந்துச்சு. அது பெரிய வெற்றி. 1988ல பிளாக்குக்கு நோபல் பரிசு.

ஆனா மருந்து வந்த அன்னைக்கே அதைப் பத்தின எல்லா எச்சரிக்கையும் வந்துடல. ஒவ்வொண்ணையும் நோயாளிகள் பட்டுத்தான் டாக்டர்கள் கத்துக்கிட்டாங்க. நுரையீரல்லயும் பீட்டா கதவு உண்டு. அதனால ஆஸ்துமா இருந்தவங்களுக்கு மூச்சு இறுக்கிச்சு. சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறவங்களுக்கு இன்னொரு சிக்கல்: சர்க்கரை இறங்கும்போது வர்ற படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மாத்திரை மறைச்சிடும். வியர்வை மட்டும் பெரும்பாலும் காட்டிக் கொடுக்கும்.

அமுச்சியோட பாடம் 1970-களின் நடுவுல வந்தது. நெஞ்சு வலி உள்ளவங்க புரோப்ரனலாலைச் சட்டுனு நிறுத்தினா வலி முன்னைவிட மோசமாகுது, சிலருக்கு மாரடைப்பே வருதுன்னு டாக்டர்கள் எழுத ஆரம்பிச்சாங்க. 1975ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல இதைப் பத்தி ஒரு முக்கியமான கட்டுரை வந்துச்சு.

ஏன் இப்படி? கதவு ரொம்ப நாள் அடைபட்டே இருந்தா, "செய்தியே வரலையே"ன்னு செல் புதுசா கதவுகளை வைக்க ஆரம்பிக்கும். மருந்தைத் திடீர்னு எடுத்துட்டா, வழக்கமா வர்ற அட்ரினலினே அத்தனை கதவு வழியாவும் உள்ள புகுந்துடும். நம்ம பாஷைல, ரேட் லிமிட்டை ஒரே நொடியில தூக்கினா சர்வர் என்ன ஆகும்? அதேதான். அதனாலதான் நிறுத்தணும்னா டாக்டர் ஒண்ணு ரெண்டு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா அளவைக் குறைப்பார்.

அமுச்சி பொழச்சுக்கிட்டாங்க. ஆனா ஒரு வாரம் என்னால தூங்க முடியல. நல்லா இருக்கிறதே மாத்திரையாலதான்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. நானும் சொல்லல.

2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்குனப்ப, பிபி, சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்கிறது சும்மா வசதிக்குன்னு நினைச்சேன். இப்பதான் புரியுது. விட்டுப் போகாம கிடைக்கிறதும் வைத்தியத்துல ஒரு பாதி.

இந்த வாரம் ஊருக்குப் போனா, வீட்டுப் பெரியவங்க மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க. அட்டெனலால், மெட்டோப்ரலால், பைசோப்ரலால், புரோப்ரனலால் மாதிரி "லால்"னு முடியுற பேர் இருந்தா, எத்தனை மாத்திரை மிச்சம்னு எண்ணுங்க. அவங்களுக்கு ஆஸ்துமாவோ சர்க்கரையோ இருந்தா, அது டாக்டருக்குத் தெரியுமான்னு கேளுங்க. ஒரு வேளை மறந்துட்டா அடுத்த வேளைக்கு ரெண்டாப் போட வேண்டாம். நாடித்துடிப்பு ரொம்பக் குறைஞ்சாலோ தலை சுத்தினாலோ நீங்களா நிறுத்தாம டாக்டரைப் பாருங்க.

என் போன்ல இப்ப மாசம் 20ஆம் தேதி ஒரு அலாரம் அடிக்கும். பேரு "அமுச்சி". அடுத்த எபிசோட்ல பார்ப்போம்ங்க.