பனைச் சர்க்கரையும் வண்ணப்பிரிகையும்

வண்ணப்பிரிகை (குரோமட்டோகிராபி) என்பது கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்தறியும் முறையாகும். ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் த்ஸ்வெட் 1903-இல் இலை நிறமிகளைப் பிரிக்க இதைக் கையாண்டார். நிறமற்ற சர்க்கரைகளுக்கு இம்முறை 1940-களில்தான் கைகொடுத்தது. 1944-இல் ஆர்ச்சர் மார்ட்டின் குழுவினர் தாள் வண்ணப்பிரிகையை வெளியிட்டனர். 1946-இல் பார்ட்ரிட்ஜ் குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகளைத் தாளில் பிரித்து, வெள்ளி நைட்ரேட் தெளித்துப் புள்ளிகளாகத் தெரியச் செய்தார்.

நாசரேத், உடன்குடி வட்டாரப் பனைத் தொழிலுக்கும் இம்முறை பயன்படக்கூடியது. பனம்பாளைச் சாற்றில் மிகுதியாக இருப்பது சுக்ரோஸ். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் சாறு பதநீராக நிற்கும். தடவாவிட்டால் ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்கள் சுக்ரோஸைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் எனச் சிதைத்து, பின் ஆல்கஹாலாக்கும், அதுவே கள். இன்றைய உயர்திறன் நீர்ம வண்ணப்பிரிகைக் கருவி இம்மூன்று சர்க்கரைகளையும் தனித்தனியே அளந்து காட்டும்.

எனினும் கருப்பட்டியில் கலந்த சீனியை இந்த அளவீடு மட்டும் காட்டிக்கொடுக்காது. கரும்பிலும் பனையிலும் இருப்பது ஒரே சுக்ரோஸ்தான். ஆனால் இரண்டும் ஒளிச்சேர்க்கையில் கார்பனை நிலைநிறுத்தும் வழி வேறு. ஆகவே அவற்றின் சர்க்கரையில் கார்பன்-13 விகிதமும் வேறுபடும். அதை நிறைமாலைமானியால் அளந்து கலப்படத்தைக் கண்டறியலாம். உடன்குடி பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றுள்ளது. சீனி கலந்த மலிவுச் சரக்கோடு போட்டியிடும் பனையேறியின் உழைப்புக்கு இத்தகைய சோதனையே சான்றாக நிற்கும்.