கரடியின் வலிமை: எடையும் தொழிலும்

மேலகரம் என்றதும் தமிழ் கற்றோர் நினைவில் எழுபவர் திரிகூடராசப்பக் கவிராயர். குற்றாலக் குறவஞ்சி தந்த அப்புலவரின் ஊர் அது. குறவஞ்சியின் மலைவளத்தைப் படித்தவர் எவரும் அங்குத் துள்ளித் திரியும் குரங்குகளை மறக்கமாட்டார். அதே மலையில் வாழும் இன்னொரு விலங்கு அத்தகைய புகழைப் பெறவில்லை. மேலகரத்திலிருந்தும் தென்காசியிலிருந்தும் மேற்கே நோக்கினால் தெரியும் அச்சரிவுகளில் கரடி இன்றும் உண்டு. கவிராயருக்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே சங்கப் புலவர் அதனை எண்கு என்றும் உளியம் என்றும் பெயரிட்டுப் பாடினர்.

கரடிகளுள் பெரியது எது, வலியது எது என்னும் வினா சிறுவர் முதல் முதியோர் வரை எல்லோர்க்கும் சுவையானது. கரடியையும் கரடியையும், கரடியையும் புலியையும் மோதவிட்டுப் பார்க்கும் ஆசை மனிதர்க்கு மிகப் பழையது. இங்கிலாந்தில் கரடியைக் கட்டிவைத்து நாய்களை ஏவிப் பார்க்கும் கேளிக்கை 1835 இல்தான் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அந்த வினாவை நாமும் எழுப்பிப் பார்ப்போம். ஆயின் விடையைத் தராசோடு நிறுத்திவிடாமல், நம் மலைக் கரடிக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதையும் சேர்த்து ஆராய்வோம்.

உலகில் இன்று வாழும் கரடியினங்கள் எட்டு. எடையால் முதலிடம் பெறுவது வடதுருவப் பனிக்கரடி. வளர்ந்த ஆண் 350 முதல் 700 கிலோ வரை இருக்கும். 1960 இல் அலாஸ்காவின் கோட்செபு கடற்பகுதியில் சுடப்பட்ட ஒன்று 1,002 கிலோ இருந்ததாகப் பதிவு உள்ளது. அதற்கு அடுத்தது பழுப்புக் கரடி. அலாஸ்காவை ஒட்டிய கோடியாக் தீவுகளில் வாழும் அதன் கிளையினத்து ஆண்கள் 600 கிலோவையும் கடந்து வளர்வதுண்டு. அமெரிக்கக் கருங்கரடி, இமயத்திலும் கிழக்காசியாவிலும் வாழும் ஆசியக் கருங்கரடி, தென் அமெரிக்க ஆண்டிஸ் மலையின் கண்ணாடிக் கரடி, சீனத்துப் பாண்டா ஆகியவை இடைநிலையில் நிற்பவை. கடைசியில் வருவது தென்கிழக்காசியாவின் சூரியக் கரடி. அதன் எடை 25 முதல் 65 கிலோ வரையே.

நம் கரடி இவ்வரிசையில் எங்கே நிற்கிறது? ஆண் 80 முதல் 145 கிலோ. பெண் 55 முதல் 95 கிலோ. நான்கு காலில் நிற்கும்போது தோள் உயரம் மூன்றடிக்கு மேற்படாது. கோட்செபுவின் பனிக்கரடியைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால் மறுதட்டில் நம் ஆண் கரடிகள் ஏழு வேண்டும். இந்தியாவில் நால்வகைக் கரடிகள் உண்டு. அவற்றுள் இமயத்துப் பழுப்புக் கரடி, ஆசியக் கருங்கரடி, வடகிழக்கு மாநிலங்களின் சூரியக் கரடி ஆகிய மூன்றும் தமிழகத்தில் இல்லை. பொதிகை முதல் நீலகிரி வரை கரடி என்று நாம் சொல்வதெல்லாம் இந்த ஓரினத்தையே.

இவ்வேற்றுமைக்குக் காரணம் உண்டு. குளிர்நாட்டு உயிரினங்கள் உடல் பெருத்தும் வெப்பநாட்டு உயிரினங்கள் உடல் சிறுத்தும் அமைகின்றன என்ற பொதுவிதியை 1847 இல் கார்ல் பெர்க்மன் என்ற ஜெர்மானிய அறிஞர் வகுத்தார். பருத்த உடல் வெப்பத்தை எளிதில் இழப்பதில்லை என்பதே இதன் அடிப்படை. உணவும் ஒரு காரணம். ஆற்றில் ஏறிவரும் சால்மன் மீனை உண்டு கொழுக்கும் கடற்கரைப் பழுப்புக் கரடியும், வேரும் கனியும் தேடி அலையும் உள்நாட்டுப் பழுப்புக் கரடியும் ஒரே இனத்தவை. எனினும் எடையில் பெரிதும் வேறுபடுகின்றன. எனவே எடை என்பது அவ்வுயிர் வாழும் நிலமும் கருப்பொருளும் சேர்ந்து தீர்மானிப்பது. முதல், கரு, உரி என்று பயின்ற நமக்கு இதில் வியப்பில்லை.

எடையிலிருந்து வலிமைக்கு வரும்போது ஒப்பீடு மேலும் சிக்கலாகிறது. 2008 இல் அலாஸ்காவின் வடக்கே போஃபோர்ட் கடலில் பெண் பனிக்கரடி ஒன்று ஒன்பது நாட்களுக்கு மேலாக ஓயாமல் நீந்தி 687 கிலோமீட்டர் கடந்ததை ஆய்வாளர் கருவி பொருத்திக் கண்டறிந்தனர். அதற்குள் அதன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது. பாண்டா மூங்கிலை முறித்து மெல்லும் தாடை வலிமை உடையது. சூரியக் கரடி மரப்பட்டையைக் கிழித்துத் தேன்கூட்டை எட்டுவது. நீந்துதல், மெல்லுதல், கிழித்தல் என்னும் இவற்றுள் எது பெரிய வலிமை என்று கேட்பதில் பொருளில்லை. ஒவ்வொன்றும் தன் தொழிலுக்கு ஏற்ற வலிமையைப் பெற்றிருக்கிறது.

நம் கரடியின் தொழில் புற்றைத் தோண்டுவது. வெயிலில் இறுகிய கறையான் புற்றைக் கடப்பாரையால் இடித்தவர்க்கே அதன் உறுதி தெரியும். கரடி அதனைத் தன் கைநகங்களால் பெயர்க்கிறது. நகம் எட்டு சென்டிமீட்டர் வரை நீளும். மேல் முன்பற்களில் நடு இரண்டும் இதற்கு இல்லை. அந்த இடைவெளியில் நீண்ட உதடுகளைக் குழாய்போல் குவித்து, முதலில் மண்ணை ஊதித் தள்ளிப் பின்னர்க் கறையானை உறிஞ்சி இழுக்கிறது. அவ்வேளையில் மூக்குத்துளைகளை மூடிக்கொள்ளவும் இதனால் இயலும். உறிஞ்சும் ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

ஐரோப்பிய அறிஞர் இவ்விலங்கை அடையாளங்கண்ட வரலாறு சுவையானது. 1791 இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கில விலங்கியலார் இதன் நீண்ட நகங்களையும் இல்லாத முன்பற்களையும் கொண்டு, தென் அமெரிக்க மரங்களில் தலைகீழாகத் தொங்கி வாழும் 'ஸ்லோத்' என்னும் மந்த விலங்கின் இனம் இது என்று முடிவு செய்தார். இரண்டே ஆண்டுகளில், 1793 இல், மேயர் என்பவர் இதனைக் கரடியென உணர்ந்து 'தேன் கரடி' என்று பொருள்படும் 'மெலர்சஸ்' என்ற பெயரைத் தந்தார். 1817 இல் பிரெஞ்சு அறிஞர் பிளேன்வில் இதன் உதடுகளை வியந்து உதட்டின் பெயராலேயே அழைத்தார். ஆனால் ஷாவின் பிழை முற்றும் மறையவில்லை. ஆங்கிலத்தில் இவ்விலங்கு இன்றுவரை 'ஸ்லோத் பேர்' எனவே வழங்குகிறது. ஓட்டத்தில் மனிதனை எளிதில் முந்தும் விலங்குக்கு மந்தன் என்று பெயர்!

நம் புலவர்க்கு இக்குழப்பம் நேரவில்லை. விலங்கை அதன் தொழிலில் வைத்துக் கண்டவர்கள் அவர்கள். அகநானூற்றின் 72 ஆம் பாட்டில் மின்மினி மொய்த்த புற்றொன்றை இரவில் ஆண் கரடி பெயர்க்கிறது. மின்மினிகள் பொறிகளாகச் சிதற, பெருங்கையுடைய அக்கரடி இரும்படிக்கும் கொல்லனாகத் தோன்றுகிறது. நற்றிணை 125 இல் கரடி புற்றுக்குள் மூச்சை விட்டு அகழும் ஓசை, கொல்லன் உலையில் ஊதும் துருத்தியின் ஓசைக்கு ஒப்பாகிறது. உள்ளிருக்கும் பாம்பு நடுங்குகிறது. அகநானூறு 8 ஆம் பாட்டிலும் கூரிய நகம் பட்டுப் புற்றுப்பாம்பு வலி இழக்கும் காட்சி உண்டு. திருமுருகாற்றுப்படை, வளைந்த அடியுடைய உளியம் பாறை வெடிப்பில் ஒடுங்குவதைக் காட்டுகிறது. அடி வளைந்திருத்தலும் இவ்விலங்கின் நடையைக் கண்டவர்க்கு விளங்கும் உண்மையே.

கரடியின் வலிமைக்கு உவமை தேடிய இரு வேறு புலவர் கொல்லனிடம் சென்று சேர்ந்தது நம் கவனத்துக்குரியது. மல்லனையோ போர்க்களிற்றையோ அவர்கள் நாடவில்லை. ஒருவர் கையைக் கண்டார். மற்றொருவர் மூச்சைக் கேட்டார். நகமும் உதடுமாக விலங்கியலார் பின்னாளில் பிரித்தெழுதிய இரண்டும் இவ்விரு உவமைகளில் அடங்கிவிடுகின்றன. இருப்பைப் பூவைக் கரடி விரும்பி உண்பதும் அகநானூற்றில் பலமுறை வருகிறது. இருப்பை என்றது நாம் இன்று இலுப்பை என்பதைத்தான். நாவல், அத்தி, இலந்தை, கொன்றை ஆகியவற்றின் கனிகளையும் உண்டு விதை பரப்பும் விலங்கு இது. இலங்கையின் வில்பத்து, யால காடுகளில் பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் கரடிகள் மரமேறி உண்பதைக் காணப் பயணிகள் செல்வர்.

இனி, வலிமையின் மறுபக்கம். எடையில் பின்தங்கிய இவ்விலங்கு மனிதரைத் தாக்குவதில் பிற கரடிகளைவிட முன்னிற்கிறது என்று ஆய்வாளர் கூறுவர். மைசூர்ப் பகுதியில் பன்னிருவரைக் கொன்ற கரடி ஒன்றைப் பற்றிக் கென்னத் ஆண்டர்சன் 1957 இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். கனியும் கறையானும் உண்ணும் விலங்குக்கு ஏன் இத்துணைச் சினம்? இதற்குப் புலியே காரணம் என்பது இன்றைய விளக்கம். அமெரிக்கக் கருங்கரடி பகை கண்டால் மரமேறித் தப்பும். நம் கரடியோ புலியும் சிறுத்தையும் திரியும் காட்டில், பெரும்பாலும் புதரும் பாறையுமான நிலத்தில் வாழ்வது. சிறுத்தை மரமும் ஏறும். ஆதலால் இக்கரடி குட்டிகளை மரத்துக்கு அனுப்பாமல் முதுகில் சுமந்து திரிகிறது. பகை நெருங்கினால் நின்று எதிர்த்துப் பாய்கிறது. புலியைப் பின்வாங்கச் செய்யும் அப்பாய்ச்சி மனிதன் மேல் விழும்போது முகமும் தலையும் சிதைகின்றன.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கரடி கண்கூர்மை குறைந்தது. புற்றில் முகம் புதைத்து உறிஞ்சும்போது, தன் மூச்சின் பேரோசையில் பிறர் வரும் காலடியும் அதற்குக் கேட்பதில்லை. மிக அருகில் வந்தபின் திடுக்கிட்டுத் திரும்பிப் பாய்கிறது. நற்றிணை காட்டிய துருத்தி ஓசையே அதன் காதை அடைத்துவிடுகிறது. அப்பாட்டில் கரடியைச் சொன்னதன் நோக்கமும் இவ்வழி நோக்கினால் தெளிவாகும். நள்ளிரவில் இவ்வழியே வராதே, நாங்கள் அஞ்சுகிறோம் என்று தலைவனுக்கு உணர்த்தவே கரடி அங்கு வருகிறது. உள்ளுறை, இறைச்சி என்று வகுப்பறையில் விளக்கிவிட்டுக் கடந்துபோகும் நாம், மலையடிவாரத்து மக்களின் பட்டறிவும் அதில் உறைந்திருப்பதைக் காணத் தவறுகிறோம்.

அப்பட்டறிவு இன்று மிகவும் தேவைப்படுகிறது. 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையத்தை அடுத்த அடிவாரச் சிற்றூரில் கரடி ஒன்று மூவரைத் தாக்கியது. மூவரும் கடுங்காயமுற்றனர். மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டுக் காட்டில் விடப்பட்ட அக்கரடியும் உயிரிழந்தது. மனிதர்க்கும் இழப்பு, விலங்குக்கும் இழப்பு. மலையடிவாரத் தோப்புகளில் பழுத்துக் கிடக்கும் கனியும், ஊரோரம் கொட்டப்படும் உணவுக் கழிவும் கரடியை இறங்கிவரச் செய்கின்றன. விடியலிலும் அந்தியிலும் தனியே தோப்புக்குச் செல்பவர் அதன் எதிர்ப்படுகிறார்.

சட்டம் தன்னளவில் காவல் செய்தே வந்துள்ளது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கரடி வேட்டையைத் தடுத்தது. மூக்கைத் துளைத்துக் கயிறிட்டு ஆட்டுவித்த கரடி வித்தை ஒழிய மேலும் முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின. வடநாட்டுக் கலந்தர்களிடமிருந்த கடைசி ஆட்டக் கரடி 2009 இல் மீட்கப்பட்டது. தாயத்துக்குக் கரடி முடி வாங்கிய தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. களக்காடு முண்டந்துறை 1988 இல் புலிகள் காப்பகமாயிற்று. தென்காசிப் பக்கத்து மலைக்காடுகள் 2015 இல் நெல்லை வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. எனினும் உலகெங்கும் எஞ்சியுள்ள இக்கரடிகள் இருபதாயிரத்துக்கும் குறைவு என்பது 2016 ஆம் ஆண்டின் மதிப்பீடு.

சரணாலய எல்லை கரடிக்குத் தெரியாது. ஆதலால் எல்லையில் வாழும் மனிதர் அதனை அறிந்திருத்தல் வேண்டும். கரடியைக் கோமாளியாகவோ அரக்கனாகவோ காட்டும் படங்களில் இவ்வறிவு கிட்டுவதில்லை. தனியே போகாமை, பேச்சொலி எழுப்பிக்கொண்டு நடத்தல், புற்றருகே உறுமலோ உறிஞ்சலோ கேட்டால் ஓசையின்றி விலகிவிடுதல், கழிவை ஊரோரம் குவிக்காமை ஆகியவை எளியவை. தோழி அன்று தலைவனுக்குச் சொன்னதன் விரிவுரை என்றே இவற்றைக் கொள்ளலாம்.

தராசில் நிறுத்தால் நம் கரடி எட்டு இனங்களுள் சிறியவற்றோடுதான் சேரும். புற்றின் முன்னும் புலியின் முன்னும் நிறுத்திப் பார்த்தால் அதன் வலிமை வேறாகத் தெரிகிறது. அந்த வலிமையைச் சரியாக அளந்த இரண்டு பாடல்கள் நம் தொகை நூல்களில் உள்ளன. நற்றிணை 125 ஐயும் அகநானூறு 72 ஐயும் உரையோடு ஒருமுறை எடுத்துப் படிக்குமாறு வாசகரை வேண்டுகிறோம். மலையடிவாரக் கல்லூரிகளில் இலக்கியம் கற்பிப்போர் அவற்றைக் கரடி இறங்கும் ஊர்களிலிருந்து வரும் மாணவர்க்கு நடத்தும்போது, கொல்லனின் உவமையோடு நிறுத்தாமல் தோழியின் அச்சத்தையும் விரித்துச் சொல்வது நலம்.