பாட்டியின் பெயர் எங்கே? – செரோக்கி மக்களின் வரலாறு



"எங்கள் பாட்டி செரோக்கி இனத்தவர்" என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் அமெரிக்காவில் ஏராளம். சிலர் அந்தப் பாட்டியை ஓர் இளவரசி என்றும் சொல்வதுண்டு. ஆனால் செரோக்கி மக்களிடம் இளவரசி என்ற பட்டமே இருந்ததில்லை. அப்படியானால், தாம் செரோக்கி வழிவந்தவர் என்பதை ஒருவர் எப்படி அறிந்துகொள்வது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், அந்த மக்கள் பட்ட பாடும் நமக்குத் தெரியவரும்.

செரோக்கி மக்கள் வட அமெரிக்காவின் தென்கிழக்கில், அப்பலாச்சியன் மலைப் பகுதியில் வாழ்ந்த பழங்குடியினர். சோளம், அவரை, பூசணி பயிரிட்டு, ஊர் ஊராக வாழ்ந்தார்கள். அவர்களிடம் ஓநாய், மான், பறவை முதலிய ஏழு குலங்கள் உண்டு. பிள்ளை தந்தையின் குலத்தைச் சேராது. தாயின் குலத்தையே சேரும். உடம்பில் எத்தனை பங்கு செரோக்கி இரத்தம் என்று அந்தக் காலத்தில் எவரும் கணக்குப் பார்த்ததில்லை. 1828 முதல் 1866 வரை அவர்களின் முதன்மைத் தலைவராக இருந்த ஜான் ராஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பூட்டன், பூட்டி எட்டுப் பேரில் ஒருவர் மட்டுமே செரோக்கி. அந்த ஒருவர் தாய்வழிப் பூட்டி. ஆகவே அவர் பறவைக் குலத்தவர். எவரும் அவரை அந்நியர் என்று ஒதுக்கவில்லை.

செகோயா என்னும் வெள்ளிக் கொல்லர் ஒருவர் இருந்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். பல ஆண்டுகள் பாடுபட்டு, 1821-இல் தம் மொழிக்கு எழுத்து வகுத்தார். நம் உயிர்மெய் எழுத்துப் போல, ஓர் எழுத்து ஓர் அசையைக் குறிக்கும். அதை முதலில் கற்றவர் அவருடைய மகள். 1828-இல் 'செரோக்கி பீனிக்ஸ்' என்ற செய்தித்தாளும் வெளிவந்தது.

அதே காலத்தில் ஜார்ஜியா மாநிலத்தில், செரோக்கி மண்ணில் பொன் இருப்பது தெரியவந்தது. நிலத்தின் மீது பலருக்கும் ஆசை பிறந்தது. 1830-இல் பழங்குடியினரை மேற்கே அனுப்பும் சட்டம் நிறைவேறியது. 1835-இல் ஒரு சிறு குழுவினர், மக்களின் ஒப்புதல் இன்றி, நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அதை எதிர்த்து 15,000-க்கு மேற்பட்ட பெயர்கள் அடங்கிய மனுவை ராஸ் கொண்டு சென்றார். அத்தனை பெயர்களும் அன்று செல்லாமல் போயின.

1838-இல் படைவீரர்கள் வீடு வீடாக வந்தனர். அடுப்பில் வெந்ததை விட்டுவிட்டு எழுந்தவர்களும் உண்டு. ஏறத்தாழ 16,000 பேர், ஆயிரம் மைல் அளவுள்ள வழியில் மேற்கே விரட்டப்பட்டனர். பசியாலும் நோயாலும் குளிராலும் சுமார் 4,000 பேர் மாண்டனர் என்பர். ராஸின் மனைவி குவாட்டியும் வழியிலேயே இறந்தார். அந்தப் பயணத்தைத்தான் 'கண்ணீர்ப் பாதை' என்கிறார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் இன்றைய ஓக்லஹோமா.

அங்கேயும் நிம்மதி நீடிக்கவில்லை. பொதுவில் இருந்த நிலத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்க எண்ணிய அமெரிக்க அரசு, 1898-இலிருந்து 1906 வரை ஒரு பெயர்ப் பதிவேடு தயாரித்தது. அதற்கு 'டாஸ் பதிவேடு' என்று பெயர். "இது நம் நிலத்தைப் பறிக்கும் வழி" என்று சொல்லி, பெயர் கொடுக்க மறுத்தவர்களும் இருந்தார்கள்.

இன்று செரோக்கி தேசத்தின் குடியுரிமை கேட்பவர், அந்தப் பதிவேட்டில் உள்ள ஒருவருக்குத் தாம் நேர் வழித்தோன்றல் என்று காட்ட வேண்டும். தம் பிறப்புச் சான்றிதழ், தாய் அல்லது தந்தையின் சான்றிதழ், பிறகு பாட்டன் பாட்டியின் சான்றிதழ் என ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அதற்கும் முந்திய உறவை அறிய விரும்புவோர் 1851, 1835 ஆகிய ஆண்டுகளின் பழைய ஏடுகளைப் புரட்டுகிறார்கள். எச்சிலைச் சோதித்துச் சொல்லும் மரபணுச் சோதனை இங்கே செல்லாது. மண்ணைப் பிரிக்க எழுதிய ஏடே, பிரிந்த உறவைச் சேர்க்கும் சான்றாக மாறிவிட்டது.

ஆயினும் ஏடு முழு உண்மையையும் சொல்லிவிடாது. வசதி படைத்த செரோக்கியர் சிலர் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தனர். விடுதலை பெற்ற அம்மக்களுக்கும் அவர்கள் சந்ததியினருக்கும் 1866-ஆம் ஆண்டு ஒப்பந்தம் சம உரிமை அளித்தது. ஆனால் பதிவு செய்த எழுத்தர்கள் அவர்களைத் தனிப் பட்டியலில் எழுதினார்கள். அவர்களுள் செரோக்கி உறவு உடையவர்கள் இருந்தும், அது எழுதப்படவில்லை. 2007-இல் ஒரு வாக்கெடுப்பு அவர்களின் சந்ததியினரை விலக்கியது. 2017-இல் நீதிமன்றம் அவர்களின் உரிமையை உறுதிசெய்தது. 2021-இல் செரோக்கி தேசத்தின் உச்ச நீதிமன்றமே, 'இரத்த வழி' என்ற சொற்களைத் தன் சட்டத்திலிருந்து நீக்கியது.

இன்று அந்தத் தேசத்தின் குடிமக்கள் 4 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். விரட்டப்படாமல் மலையிலேயே தங்கிவிட்டவர்களின் சந்ததியினர் வட கரோலினாவில் தனி அமைப்பாக வாழ்கின்றனர். செகோயாவின் எழுத்தைப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் கற்கிறார்கள்.

நேயர்களே, பாட்டி இன்னார் என்று வாயால் சொல்வது எளிது. அவர் பெயர், ஊர், தாய் தந்தையர் பெயர் ஆகியவற்றை எழுதி வைத்த குடும்பத்துக்கே அது பின்னாளில் துணை நிற்கும். உங்கள் வீட்டிலும் முதியவர் இருப்பார். இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளையின் பள்ளி நோட்டில் ஒரு பக்கம் போதும்.