கலைமான் வினாதலும் சுவடறி மரபும்

முன்னுரை

களவொழுக்கத்தில் தலைவன் தினைப்புனத்திற்கு வந்து, தலைவியும் தோழியும் ஒருங்கிருக்கும் வேளையில் சில வினாக்களைத் தொடுப்பான். நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் இவ்வினாக்களுள் ஒன்றைக் கெடுதி வினாதல் என வகுத்துரைக்கின்றது. மாணிக்கவாசகரின் திருக்கோவையார் இதனை வேழம் வினாதல், கலைமான் வினாதல் என இரு துறைகளாக விரித்துப் பாடுகின்றது. தான் எய்த அம்பு தைத்த புண்ணுடன் ஒரு கலைமான் இவ்வழி வந்ததுண்டோ என்பது கலைமான் வினாதலின் பொருள்.

இவ்வினா, தலைவன் பேச்சைத் தொடங்குவதற்குப் புனைந்துகொண்ட சாக்கு என்றே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. அவ்விளக்கம் சரியானதே. ஆயினும், கேட்போர் நம்பத்தக்கதாக இருந்தால்தான் சாக்கு பயன்படும். அம்புபட்ட மானைத் தேடி வருபவன் புனங்காவல் மகளிரிடம் வினவுவது மலைவாழ்வில் இயல்பான செயல்தானா என்பதை ஆராய்ந்து, அதன்வழி இத்துறையின் அமைப்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புண்பட்ட மானைத் தொடரும் முறை

இவ்வாய்விற்குத் துணையாகும் உரைநடைப் பதிவுகள் மும்பையில் மிகுதி. 1883ஆம் ஆண்டு இந்நகரில் தொடங்கப்பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1886 முதல் ஆய்விதழ் ஒன்றை வெளியிட்டு வருகிறது. அதன் தொடக்ககால எழுத்தாளர்களுள் வேட்டையாடிகள் பலர். கழகத்தின் காப்பாளராக விளங்கிய எஸ்.எச். பிரேட்டரின் இந்திய விலங்குகள் பற்றிய நூல் 1948இல் வெளிவந்தது. இக்காலத்து வேட்டை எழுத்துகளும் மலைவாழ் மக்களின் வாய்மொழி அறிவும் பெரிதும் ஒத்துச் செல்லும் சில முறைகளைப் பின்வருமாறு தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, காத்திருத்தல். எய்தவுடன் துரத்தப்படும் மான் அச்சத்தினால் நெடுந்தொலைவு ஓடிவிடும். துரத்தப்படாத மான் அருகிலுள்ள புதரில் படுத்துவிடக்கூடும். படுத்தபின் குருதி இழந்து எழ இயலாமற் போகும். ஆகவே தேர்ந்த வேடன் எய்த இடத்தையும் மான் நின்ற இடத்தையும் அடையாளம் இட்டுவிட்டு அமைதியாக இருப்பான்.

இரண்டாவது, குருதியைப் படித்தல். நுரைகலந்த செங்குருதி நுரையீரலில் தைத்தமையைக் காட்டும். அத்தகைய மான் தொலைவு செல்லாது. கருஞ்சிவப்பு ஈரலைச் சுட்டும். பசுமை நிறமும் தீநாற்றமும் கலந்திருப்பின் அம்பு இரைப்பையில் தைத்தது எனக் கொண்டு பலமணி நேரம் காத்திருத்தல் வேண்டும். புல்லின் எவ்வுயரத்தில் குருதி பூசியுள்ளது என்பது புண் இருக்கும் உயரத்தை உணர்த்தும்.

மூன்றாவது, சுவடு நோக்குதல். ஓடும் மானின் குளம்புகள் விரிந்து பதியும். மென்மண்ணில் பின்குளம்புகளின் தடமும் விழும். கால் முறிந்ததாயின் இழுபட்ட கோடு தெரியும். தொடர்வோர் சுவட்டின்மீது நடவாமல் அதன் ஓரமாகச் செல்வர். சாய்ந்த வெயிலில் சுவட்டின் நிழல் தெளிவாகத் தோன்றும் ஆதலின் காலையும் மாலையும் ஏற்ற பொழுதுகள். ஒருவர் நிலத்தை நோக்க, மற்றொருவர் முன்னே நோக்கிச் செல்வது வழக்கம்.

நான்காவது, சுவடு மறைந்தவிடத்துச் செய்வது. கடைசியாகக் குருதி கண்ட இடத்தில் அடையாளம் வைத்து, அதனை நடுவாகக் கொண்டு வட்டமிட்டுத் தேடுவர். புண்பட்ட மான் பெரும்பாலும் நீரையோ அடர்ந்த மறைவையோ நாடும் என்பதால் அத்திசைகளை முதலில் பார்ப்பர். அங்கும் கிட்டாதபோது எஞ்சியிருக்கும் வழி ஒன்றே: அப்பகுதியில் அசையாமல் இருந்து பார்த்தவர்களிடம் கேட்பது.

சங்கப் பாடல்களில் வேட்டை அறிவு

சங்கப் புலவர்கள் வேட்டைத் தொழிலை நுணுகி அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றுகள் பல. பெரும்பாணாற்றுப்படை எயினர் குடியிருப்பில் பார்வை விலங்கு கட்டப்பட்டிருந்ததைக் கூறுகிறது. பழகிய மானைக் கட்டிவைத்துக் காட்டுமானை ஈர்க்கும் இம்முறைக்குப் பார்வை என்ற கலைச்சொல்லே வழங்கியமை கருதத்தக்கது. குறுந்தொகை 272ஆம் பாடலில் தலைவியின் கண்களுக்கு உவமையாவது, கலைமானின் உடலிலிருந்து குருதியோடு பறித்தெடுத்த அம்பு. அம்பைப் பறிக்க வேண்டுமாயின் மான் கிடைத்திருக்க வேண்டும். தேடல் முடிந்த கணத்தையே அப்பாடல் உவமையாக்கியுள்ளது எனலாம்.

இதற்கு மறுதலையாகப் புறநானூறு 152ஆம் பாடலைக் காட்டலாம். வன்பரணர் பாடிய அப்பாடலில் வல்வில் ஓரியின் ஓர் அம்பே யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிப் புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கிறது. தேட வேண்டிய தேவையே இல்லாத வில்லாண்மை அது. அதனை அவ்வளவு வியந்து பாட வேண்டியிருந்தமை, இயல்பான வேட்டையில் எய்தலுக்குப்பின் தேடல் உண்டு என்பதை உய்த்துணரச் செய்கிறது.

வேட்டையின் வரம்புகளும் பதிவாகியுள்ளன. அகநானூறு 248இல், தன் கிளையைத் தப்பவிட்டு ஒடுங்கிய வழியில் தனித்து நின்று நாய்களை எதிர்க்கும் பன்றியின் மறத்தைக் கண்ட கானவன், எய்யாமல் திரும்புகிறான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழாரும் திண்ணனாரின் வேட்டையைப் பாடுமிடத்துக் கன்றுகளையும் குருளைகளையும் கருவுற்ற பிணைகளையும் வேடர்கள் விலக்கியதைக் குறித்துள்ளார்.

புனமும் வினாவும்

குறிஞ்சிப்பாட்டில் மகளிர் பரண்மீதிருந்து தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளால் கிளி கடிகின்றனர். பின்னர் வேட்டை நாய்களுடன் வரும் தலைவன், தான் கெடுதி உடையவன் என்று கூறி வினவுகிறான். மேற்கூறிய நான்காவது முறையோடு இதனை ஒப்பிட்டால் பொருத்தம் தெளிவாகும். பரண் உயரமானது, நாற்புறமும் காணத்தக்கது. புனங்காப்போர் பகல் முழுதும் அங்கே இருப்பவர்கள். பயிரை மேயவரும் விலங்கைக் கவனிப்பது அவர்களின் தொழில். சுவடு இழந்த வேடன் வினவுதற்கு அவர்களினும் தக்கார் இலர். தலைவனின் வினா நம்பத்தக்கதாவது இதனாலேயே.

அவ்வினா எள்ளலுக்கும் இடமாவதை அகநானூறு 48 காட்டுகிறது. வேங்கைப்பூக் கொய்யச் சென்ற மகளிர் ‘புலி புலி’ என ஆரவாரிக்க, அதுகேட்டு வந்த தலைவன் ஓர் அம்பைத் தெரிந்து கையிற்கொண்டு, அவ்விலங்கு சென்ற வழி யாது என வினவுகிறான். அங்கே விலங்கே இல்லை. இல்லாத விலங்கின் வழியை வினவும் அளவிற்கு இவ்வினா சங்ககாலத்திலேயே நன்கு அறியப்பட்ட ஒன்றாகிவிட்டது என்பது இதனாற் பெறப்படும்.

சுவடறிபவள் தோழி

திருக்கோவையாரின் மதியுடம்படுத்தல் பகுதியில் வினாக்கள் நிற்கும் வரிசை கருதத்தக்கது. வேழம், கலைமான், வழி, பதி, பெயர் என வந்து, இறுதியில் இடை வினாதலில் முடிகிறது. முதலிரண்டும் வேட்டைக்குரியவை. வழியும் பதியும் வழிப்போக்கனுக்குரியவை. பெயரும் இடையும் வேட்கையுடையவனுக்கன்றி வேறொருவருக்கும் உரியன அல்ல. உண்மையில் மானைத் தேடுபவன் ஒரே விலங்கையே விடாது தொடர்வான். சுவடு மாறினால் தேடல் கெடும். தலைவனோ சொல்லுக்குச் சொல் மாறுகிறான்.

இம்மாற்றத்தைத் தோழி கவனிக்கிறாள். அடுத்துவரும் அறிவு நாடுதல் துறையில், இவர் பேச்சு வேழமாகத் தொடங்கிக் கலைமானாகிப் பிறவாகித் தழையாகி இடையாக முடிந்தது என அவள் வரிசைப்படுத்தி, அதன் ஆழத்தை உணர்கிறாள். எய்த இடத்திலிருந்து ஒவ்வொரு துளியாகக் குருதியைத் தொடரும் வேடனைப்போல, முதற்சொல்லிலிருந்து இறுதிச்சொல் வரை அவள் தொடர்ந்து செல்கிறாள். வேடனாக வேடம் புனைந்தவன் தலைவன். சுவடறியும் அறிவு உடையவள் தோழி. இத்துறையின் சுவை இம்மாற்றத்திலேயே அடங்கியுள்ளது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

சுவடறிந்தோர் நிலை

பரணில் இருந்த தோழிக்குப் பெயர் இல்லாதது அகத்திணை மரபு. வரலாற்றில் சுவடறிந்தோர்க்குப் பெயர் இல்லாமற் போனதற்கு அத்தகைய இலக்கணம் எதுவும் இல்லை. ஆங்கிலேயர் கால வேட்டைக் குறிப்புகள் பலவற்றில் எய்தவரின் பெயரும் கொம்பின் நீளமும் உண்டு; மானைக் கண்டுபிடித்துத் தந்தவர் ‘ஷிகாரி’ என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறார்.

மராட்டியப் பகுதியின் பார்தி மக்கள் இதற்குச் சான்றாவர். வேட்டையைக் குறிக்கும் ‘பாரத்’ என்னும் மராத்திச் சொல்லே அவர்களின் பெயர்க்கு அடி. கண்ணிவைத்து மான் பிடிப்பதில் வல்ல இம்மக்கள், 1871இல் இயற்றப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கொணரப்பட்டனர். அச்சட்டம் 1952இல் நீக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. விலங்குகளைக் காக்க அது இன்றியமையாததே. எனினும் சுவடறிவைப் பிழைப்பாகக் கொண்டோர்க்கு மாற்று வாழ்வு அதனுடன் சேர்ந்து வரவில்லை. தமிழகத்தில் முதுமலைப் பகுதியில் குறும்பர், இருளர் முதலியோர் வேட்டைத் தடுப்புக் காவலர்களாகப் பணிபுரிவது, அவ்வறிவு காப்பிற்கும் பயன்படும் என்பதைக் காட்டுகின்றது.

மும்பைத் தமிழர்க்கு இதில் மொழிசார்ந்த செய்தி ஒன்றும் உண்டு. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் மாணவர்கள் அன்றாடம் கேட்கும் மராத்தியில், சுவட்டைத் தொடர்தல் ‘மாக் காட்ணே’ எனப்படும். மாக் என்பது மார்க்கம் என்னும் வடசொல்லின் திரிபு. மார்க்கம் என்பதோ விலங்கைக் குறிக்கும் மிருகம் என்பதிலிருந்து பிறந்து, முதலில் விலங்கின் தடத்தையும் பின் எல்லா வழியையும் குறித்தது என்று வடமொழி அகராதியாளர் கொள்வர். காட்டைக் காணாத மாணவர்க்குக் குறிஞ்சித்திணையைக் கற்பிக்க இச்சொல்லே நல்ல தொடக்கமாக அமையும்.

முடிவுரை

கலைமான் வினாதல், புண்பட்ட மானைத் தொடரும் தொழிலில் உண்மையாக இருந்த ஒரு படிநிலையைத் தழுவி எழுந்த துறை என்பது மேற்கூறியவற்றால் புலனாகிறது. சுவடு இழந்தவன், இருந்து பார்த்தவரிடம் கேட்பது அப்படிநிலை. புலவர்கள் அதனைத் தலைவனின் சாக்காக்கினர். சுவடறியும் திறனையோ தோழிக்கு உரியதாக்கினர். தொழிலறிவைத் தள்ளிவைத்து இத்துறையைக் கற்பிப்பின் தோழியின் நுண்ணறிவு வெறும் குறும்பாகச் சுருங்கிவிடும். முதிய சுவடறிவோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களின் சொற்களையும் முறைகளையும் அவர்கள் பெயராலேயே பதிவு செய்தல் தமிழ்த்துறைகளின் கடமையாகும். குறிஞ்சிப் பாடல்களுக்கு இனி எழுதப்படும் உரைகள் அப்பதிவுகளால் பெரிதும் வளம்பெறும்.