ரோட்ஸ் அரண்மனைக்கு வயது என்ன?



நம் குடியிருப்பில் வெளிநாட்டுச் சுற்றுலா போய்வருகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வருகிறார்கள். கிரீஸ் போகிறவர்கள் பெரும்பாலும் ஏதென்ஸையும் சாண்டோரினியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கையில் இன்னும் இரண்டு நாள் இருந்தால் ரோட்ஸ் தீவுக்கும் போய் வாருங்கள். ஏதென்ஸிலிருந்து விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம்தான். துருக்கிக் கரைக்கு மிக அருகில் இருக்கும் தீவு அது. சென்ற ஆண்டு நானும் மனைவியும் மகள் குடும்பத்தோடு போய் வந்தோம்.

அங்கே பழைய நகரத்தைச் சுற்றி ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோட்டை மதில் இருக்கிறது. மதிலுக்குள் மேட்டுப் பகுதியில் கிராண்ட் மாஸ்டர் அரண்மனை நிற்கிறது. வாசலில் இரண்டு பெரிய கோபுரங்கள். ஒரு கல்கூடப் பெயர்ந்திருக்காது. 14ஆம் நூற்றாண்டில் கட்டியது என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்கின்றன. வாசலருகே பதித்திருக்கும் கல்வெட்டோ 1940ஆம் ஆண்டையும் முசோலினியின் பெயரையும் சொல்கிறது. இரண்டும் சரிதான். எப்படி என்று தெரிந்துகொண்டு போனால், நீங்கள் பார்ப்பது இரண்டு மடங்கு புரியும்.

மருத்துவமனையில் தொடங்கிய படை

முதலில் இந்த அரண்மனை யாருடையது என்று பார்ப்போம். 11ஆம் நூற்றாண்டில் எருசலேமுக்கு வரும் யாத்திரிகர்களுக்காக, இத்தாலியின் அமால்ஃபி நகர வணிகர்களின் ஆதரவில் ஒரு விடுதியும் மருத்துவமனையும் நடந்து வந்தன. அதை நடத்திய ஜெரார்டு என்பவரின் சபைக்கு 1113இல் போப்பாண்டவர் இரண்டாம் பாஸ்கல் தனி அங்கீகாரம் அளித்தார். புனித யோவானின் பெயரால் இயங்கிய இந்தச் சபையினரை 'ஹாஸ்பிட்டலர்' என்றே அழைத்தார்கள். நோயாளிகளை எஜமானர்களாக நினைத்துப் பணிசெய்ய வேண்டும் என்பது அவர்களுடைய விதி.

சிலுவைப் போர்க் காலம் அது. யாத்திரிகர்களைப் பாதுகாக்க வேண்டும் என்று ஆயுதம் எடுத்தவர்கள், சில பத்தாண்டுகளில் பெரிய படையாகவே ஆகிவிட்டார்கள். ஏழ்மை, பிரம்மச்சரியம், கீழ்ப்படிதல் என்று துறவிகளின் உறுதிமொழியும் உண்டு. இடுப்பில் வாளும் உண்டு. இவர்களைத்தான் 'நைட்' என்கிறோம். 1291இல் ஆக்ரே கோட்டை விழுந்ததும் புனித பூமியில் அவர்களுக்கு இடமில்லாமல் போனது. சைப்ரஸ் தீவில் சில ஆண்டுகள் ஒண்டியிருந்தார்கள். பிறகு 1306இல் ரோட்ஸ் மீது படையெடுத்து, 1310க்குள் தீவு முழுவதையும் பைசாந்தியர்களிடமிருந்து கைப்பற்றினார்கள். ஏற்கெனவே அங்கிருந்த பைசாந்தியக் கோட்டையின் இடத்தில் எழுந்ததுதான் இந்த அரண்மனை. நைட்டுகள் தங்களுக்குள் ஒருவரை ஆயுள்காலத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்தான் கிராண்ட் மாஸ்டர்.

எட்டு பிளாக்குகள், ஒரு சங்கம்

இவர்களுடைய நிர்வாகம் நமக்கு நன்றாகவே புரியும். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் என்பதால் மொழிவாரியாகப் பிரிந்திருந்தார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் 'மொழி' என்றே பெயர். புரோவென்ஸ், ஓவெர்ன், பிரான்ஸ், இத்தாலி, அரகான், இங்கிலாந்து, ஜெர்மனி என்று முதலில் ஏழு. 1462இல் அரகானிலிருந்து காஸ்டில் பிரிந்து எட்டானது. நம் ஏ பிளாக், பி பிளாக் மாதிரி ஒவ்வொரு மொழிக்கும் தனி விடுதி இருந்தது. பொறுப்புகளும் பிரிக்கப்பட்டிருந்தன. இத்தாலிப் பிரிவின் தலைவர் கப்பற்படையைக் கவனிப்பார். பிரான்ஸ் பிரிவின் தலைவர் மருத்துவமனையைக் கவனிப்பார். கோட்டை மதிலையும் பங்கு போட்டு, இந்தப் பகுதியைக் காப்பது இந்த மொழியின் பொறுப்பு என்று ஒதுக்கியிருந்தார்கள்.

செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? வங்கியில் வேலை பார்த்தவனுக்கு முதலில் தோன்றும் கேள்வி இதுதான். ஐரோப்பா முழுவதும் இவர்களுக்கு நிலங்களும் பண்ணைகளும் இருந்தன. ஒவ்வொரு பண்ணை நிர்வாகமும் வருமானத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ரோட்ஸுக்கு அனுப்ப வேண்டும். கிளைகளிலிருந்து தலைமை அலுவலகத்துக்குப் பணம் போகிற மாதிரிதான். டெம்ப்ளர் என்ற இன்னொரு நைட் சபை 1312இல் கலைக்கப்பட்டபோது, அதன் சொத்துகளையும் இவர்களுக்கே கொடுக்கும்படி போப்பாண்டவர் உத்தரவிட்டார். அந்த வருமானம்தான் ரோட்ஸின் மதில்களாகவும் கட்டடங்களாகவும் ஆனது.

இரண்டு முற்றுகைகள்

1480இல் துருக்கியின் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் அனுப்பிய படை ரோட்ஸை முற்றுகையிட்டது. கிராண்ட் மாஸ்டர் பியர் தோபுஸோன் தலைமையில் நைட்டுகள் அதை முறியடித்தார்கள். மறு ஆண்டே பெரிய பூகம்பம் வந்து நகரத்தை உலுக்கியது. இன்று நாம் பார்க்கும் மதில்களில் கணிசமான பகுதி அதற்குப் பிறகு பலப்படுத்தப்பட்டது.

1522இல் சுல்தான் சுலைமானே நேரில் வந்தார். அப்போது அவருக்கு 28 வயது இருக்கலாம். உள்ளே நைட்டுகள் சில நூறு பேர்தான். மற்றவர்கள் கூலிப்படையினரும் ஊர்மக்களும். ஆறு மாதம் தாக்குப்பிடித்தார்கள். டிசம்பர் மாதம் உடன்படிக்கை ஏற்பட்டது. நைட்டுகள் ஆயுதங்களோடும் உடைமைகளோடும் 12 நாட்களில் வெளியேறலாம். ஊரில் தங்கும் மக்களுக்கு ஐந்து ஆண்டுகள் வரி கிடையாது. 1523 ஜனவரி 1ஆம் தேதி கிராண்ட் மாஸ்டர் வில்லியர் தெ லீல்-ஆதாம் மிச்சமிருந்தவர்களோடு கப்பலேறினார். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இருந்த இடத்தைக் காலிசெய்துவிட்டுப் போனார்கள்.

இடிந்ததும் எழுந்ததும்

இனி அரண்மனையின் கதைக்கு வருவோம். துருக்கியர் காலத்தில் அது சிறைச்சாலையாக இருந்தது. எதிரே இருந்த புனித யோவான் ஆலயம் மசூதியானது. அந்த ஆலயத்தின் நிலவறையில் வெடிமருந்து கிடந்தது. 1856இல் அது வெடித்தது. மின்னல் தாக்கியதுதான் காரணம் என்கிறார்கள். ஆலயம் தரைமட்டமானது. சுற்றுப்புறத்தில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அரண்மனையும் பெரும் சேதமடைந்தது. கீழ்த்தளம் நின்றது; மேல்தளம் பெரும்பாலும் போய்விட்டது. அதற்குப் பிறகு 80 ஆண்டுகள் அது ஓர் இடிபாடு மட்டுமே.

1912இல் நடந்த போரில் இத்தாலி இந்தத் தீவைத் துருக்கியிடமிருந்து பிடித்துக்கொண்டது. முதலில் வந்த இத்தாலியத் தொல்லியல் அறிஞர்கள் நைட்டுகளின் மருத்துவமனையையும் விடுதிகள் உள்ள தெருவையும் செப்பனிட்டார்கள். 1936இல் ஆளுநராக வந்த சேசரே மரியா டெ வெக்கி முசோலினியின் ஆரம்பகாலக் கூட்டாளிகளில் ஒருவர். அவருக்குச் செப்பனிடுவது போதவில்லை. இத்தாலி மன்னரும் முசோலினியும் வந்தால் தங்குவதற்கு மாளிகை வேண்டும் என்று, 1937 முதல் 1940 வரை அரண்மனையை எழுப்பினார். கட்டடக் கலைஞர் விட்டோரியோ மெஸ்துரினோ. பழைய படங்களைப் பார்த்து வெளிப்புறத்தை ஓரளவு அமைத்தார்கள். உட்புறத்தில் படிக்கட்டு, கூடங்கள், தரை எல்லாமே புதிய ஏற்பாடு.

இந்தத் தரையை மட்டும் நிதானமாகப் பாருங்கள். மெடூசாவின் தலை, ஒன்பது கலைத் தேவதைகள் என்று வண்ணக் கற்கள் பதித்த அற்புதமான சித்திரங்கள். ஆனால் எதுவும் இந்த அரண்மனைக்காகச் செய்ததல்ல. பக்கத்துத் தீவான கோஸில் 1933இல் பூகம்பம் வந்து ஊர் இடிந்தது. அதன்பின் அங்கே தோண்டியபோது கிடைத்த பண்டைய கிரேக்க, ரோமானியத் தரைகள் உண்டு. அந்தத் தீவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே பதித்தவைதான் இவை. முற்றத்தில் நிற்கும் பளிங்குச் சிலைகளும் கோஸிலிருந்து வந்தவை. மேலே ஒரு கூடத்தில் லவோகூன் சிலை இருக்கிறது. அதன் மூலத்தைச் செதுக்கியவர்கள் ரோட்ஸ் சிற்பிகள். அது வத்திக்கானில் இருக்கிறது. இங்கே இருப்பது நகல். ஆக, நைட்டுகள் நடந்த தரை என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிற இடத்தில், எந்த நைட்டும் நடந்ததில்லை.

இவ்வளவு செலவழித்துக் கட்டிய மாளிகையில் முசோலினி வந்து தங்கவே இல்லை. வேலை முடிந்த 1940இலேயே இத்தாலி உலகப் போரில் இறங்கிவிட்டது. 1947 உடன்படிக்கைப்படி ரோட்ஸ் கிரீஸுக்குப் போனது. அரண்மனை அருங்காட்சியகமானது. 1988 டிசம்பரில் ஐரோப்பியத் தலைவர்களின் உச்சி மாநாடுகூட இங்கே நடந்தது.

கல்வெட்டு சொல்லாத ஒரு கணக்கும் இருக்கிறது. இதே டெ வெக்கி ஆட்சியில், 1938இல், யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்கள் ரோட்ஸிலும் அமலாயின. பல நூற்றாண்டுகளாக இதே மதிலுக்குள் வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய மதக் கல்லூரி மூடப்பட்டது. பலர் ஊரைவிட்டுப் போனார்கள். மிஞ்சியிருந்த சுமார் 1,700 பேரை 1944 ஜூலையில் ஜெர்மானியர்கள் கப்பலேற்றி ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தவர்கள் ஏறக்குறைய 150 பேர். அரண்மனையிலிருந்து இறங்கிப் பழைய நகரத்தின் கிழக்குப் பக்கம் போனால், யூதத் தியாகிகள் சதுக்கத்தில் அவர்களுக்கு ஒரு கறுப்புக் கல் நினைவுச் சின்னம் இருக்கிறது. அரண்மனை வாசலில் ஒரு கல்லைப் படித்தவர்கள் இந்தக் கல்லையும் படித்துவிட்டு வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அப்படியானால் போக வேண்டாமா?

கட்டாயம் போங்கள். 150க்கும் மேற்பட்ட அறைகளில் 24 அளவில்தான் திறந்திருக்கின்றன. அதற்கே இரண்டு மணி நேரம் வேண்டும். கீழ்த்தளத்தில் ரோட்ஸின் பழைய வரலாற்றைச் சொல்லும் கண்காட்சிகளைத் தவறவிடாதீர்கள். பழைய கட்டுமானம் மிஞ்சியிருப்பதும் அந்தத் தளத்தில்தான். தெருக்களில் கூழாங்கற்களைச் செங்குத்தாகப் பதித்திருக்கிறார்கள். நம் வயதுக்காரர்கள் செருப்பை விட்டுவிட்டு நல்ல காலணி போட்டுக்கொண்டு போவது முழங்காலுக்கு நல்லது. கோடையில் காலையிலேயே போய்விடுங்கள்.

வெளியே வந்ததும் நைட்டுகளின் தெருவில் கீழ்நோக்கி நடங்கள். 200 மீட்டர் தூரம் இருக்கும். இருபுறமும் மொழி விடுதிகள்; சுவர்களில் குலச் சின்னங்கள். தெரு முடிகிற இடத்துக்கு அருகில் அவர்களுடைய மருத்துவமனை இருக்கிறது. இப்போது அது தொல்லியல் அருங்காட்சியகம். ஃப்ளூவியா என்ற கிராண்ட் மாஸ்டர் 1437இல் இறக்கும்போது இதற்காக 10,000 பொற்காசுகளை உயில் எழுதி வைத்தார். 1440இல் தொடங்கி, பிந்திய தலைவர்கள் வேலையைத் தொடர்ந்து, 1489இல் முடித்தார்கள். மாடியில் நோயாளிகளுக்கான கூடம் 51 மீட்டர் நீளம். நடுவே ஒரு வரிசைத் தூண்கள். படுத்தபடியே வழிபாட்டில் கலந்துகொள்ளும்படி ஒரு பக்கம் சிறிய பீடமாடம். அரண்மனையில் இருக்கிற ஆடம்பரம் இங்கே இல்லை. ஆனால் இது செப்பனிடப்பட்ட பழைய கட்டடம், புதிதாக எழுப்பியதல்ல. என் மனைவி அரண்மனையில் நிறையப் படம் எடுத்தாள். இந்தக் கூடத்தில்தான் நின்று பார்த்தாள்.

நைட்டுகளின் கதை ரோட்ஸோடு முடியவில்லை. 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அவர்களுக்கு மால்ட்டா தீவைக் கொடுத்தார். ஆண்டு வாடகை ஒரே ஒரு வல்லூறு. 1798இல் நெப்போலியன் அங்கிருந்தும் வெளியேற்றினார். கோட்டை போயிற்று, கப்பல் போயிற்று, நாடும் போயிற்று. ஆனால் அந்தச் சபை ரோமாபுரியில் இன்றும் இருக்கிறது. பல நாடுகளில் மருத்துவ உதவி செய்துவருகிறது. அதே மரபை முன்மாதிரியாகக் கொண்டு 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தொடங்கியதுதான் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ். அலுவலகத்தில் முதலுதவிப் பயிற்சி எடுத்தவர்கள் நம் குடியிருப்பிலும் சிலர் இருப்பீர்கள். சான்றிதழ் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எட்டு முனைகள் கொண்ட அந்த வெள்ளைச் சிலுவை இந்த நைட்டுகளின் சின்னம்தான்.

எந்த ஊரில் எந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்தாலும், யார் கட்டினார்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். யார் திருத்திக் கட்டினார்கள், எந்த ஆண்டு, யாருக்காக என்றும் கேளுங்கள். ரோட்ஸ் அரண்மனை எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான். இந்தப் பயணத்துக்கான விசா, தங்குமிடம், செலவு விவரங்கள் வேண்டுவோர் மாலை நடைப்பயிற்சி நேரத்தில் என்னைக் கேட்கலாம். கணக்கெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.