லாயத்துக் குப்பையும் நம் உரக்குழியும்

ஓசூர் போகும்போது மத்திகிரியில் அரசு கால்நடைப் பண்ணையைப் பலர் பார்த்திருப்பீர்கள். சுமார் 1,641 ஏக்கர். இன்று மாடுகளுக்குப் பெயர்பெற்ற இந்தப் பண்ணையை, கிழக்கிந்தியக் கம்பெனி 1824-இல் தொடங்கியது படைக் குதிரைகளுக்காக. அன்று இப்பகுதி சேலம் மாவட்டம். 1965-இல் தருமபுரி மாவட்டம் உருவானபோது ஓசூரும் நம்மோடு வந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போனது.

குதிரை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வீரமும் வேகமும்தான். லாயத்தைக் கூட்டியவர்களின் கணக்கு வேறு. ஒரு குதிரை ஒரு நாளில் சுமார் 20 கிலோ லத்தி போடும். நூறு குதிரை என்றால் தினமும் 2 டன். சிறுநீரில் ஊறிய வைக்கோல் தனி. ஒரு மாட்டு வண்டியில் அரை டன் முதல் ஒரு டன் வரை ஏற்றலாம். அப்படியானால் தினமும் இரண்டு முதல் நான்கு வண்டி. ஒரு வாரம் அள்ளாமல் விட்டால் லாயம் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

பச்சை லத்தியை அப்படியே வயலில் கொட்டுவதும் நல்லதல்ல. குதிரை மாட்டைப் போல அசைபோடாது. களை விதைகள் பல செரிக்காமலே வெளியே வரும். ஆனால் லத்தியையும் வைக்கோலையும் குவித்து, ஈரம் காயாமல் பார்த்துப் புரட்டிவிட்டால், உள்ளே 60 டிகிரி வரை சூடேறும். பெரும்பாலான விதைகள் அதில் செத்துவிடும். சில மாதங்களில் குவியலும் பாதியாகச் சுருங்கும். எருவும் பதமாகும், வண்டிக் கூலியும் குறையும்.

19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் காய்கறித் தோட்டக்காரர்கள் இந்தச் சூட்டையே பயன்படுத்தினார்கள். லாயத்து எருவைப் பாத்தியின் அடியில் பரப்பி, குளிர்காலத்திலும் கீரை விளைவித்தார்கள். குதிரை வண்டிகளின் இடத்துக்கு மோட்டார் வந்ததும் அந்த எரு கிடைக்காமல் போனது.

நம் ஊர்களில் எருக்குழி புதிதல்ல. அதை முறைப்படுத்தி ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் செய்த சோதனைகள் 1931-இல் நூலாக வந்தன. நகரக் குப்பைக்கென்று ஆச்சார்யா 1939-இல் வகுத்த முறைக்குப் பக்கத்து ஊரான பெங்களூரின் பெயரே நிலைத்தது.

இப்போது நம் வளாகத்துக்கு வருவோம். உரக்குழி வைத்தால் நாற்றம் வரும் என்று தரைத்தள வீட்டார் அஞ்சுவது நியாயம்தான். ஈரக்கழிவை மட்டும் கொட்டினால் நாறத்தான் செய்யும். லாயத்தில் வைக்கோல் செய்த வேலையை இங்கே வேப்பஞ்சருகு செய்யும். ஒரு வாளி காய்கறிக் கழிவுக்கு இரண்டு வாளி சருகு போடலாம். நாம் இப்போது அந்தச் சருகையும் மூட்டை கட்டி வெளியே அனுப்புகிறோம். பிறகு பூந்தொட்டிக்கு உரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

அடுத்த பொதுக்குழுவில் முடிவெடுக்கும் முன் இதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.