பஞ்சதந்திரம் எப்போது குழந்தை நூலாயிற்று? தமிழ்ச் சிறார் இலக்கியத்தின் தொடக்கம் குறித்து

தமிழில் குழந்தை இலக்கிய வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஔவையாரின் ஆத்திசூடியிலிருந்தே கணக்கைத் தொடங்குகின்றனர். தொன்மை காட்டும் ஆசை நம் இலக்கிய வரலாறுகளுக்குப் புதிதன்று. ஆனால் ஒரு நூல் யாரைக் கருதி ஆக்கப்பட்டது, யார் கையில் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் அந்தத் தொடக்கம் நிலைக்காது. இன்று சிறுவர் கதை என்றதும் நினைவுக்கு வரும் இரு நூல்களைப் பார்ப்போம். வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதை 1822இல் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சேறியது. தமிழ் பழகும் ஐரோப்பியர்க்கு அது வாசிப்புப் பயிற்சி. தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த பஞ்சதந்திரக் கதை 1826இல் வந்தது. அவர் தமிழாசிரியராக இருந்த சென்னைக் கல்விச் சங்கமோ, கும்பினியின் இளம் அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகள் கற்பிக்க 1812இல் எழுந்த நிறுவனம். ஆக, இவ்விரண்டின் முதல் அச்சு வாசகர்கள் மீசை அரும்பிய வெள்ளைக்கார இளைஞர்களே.

ஆத்திசூடி தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வாயில் புழங்கியதே என்று மறுப்பு எழலாம். புழங்கியது உண்மை. ஆனால் திண்ணைப் பள்ளியில் அதே பிள்ளைகள் எண்சுவடியையும் நிகண்டையும்கூட நெட்டுருச் செய்தனர். பிள்ளைகளுக்குக் கற்பித்ததெல்லாம் குழந்தை இலக்கியமானால் நிகண்டையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதற்கு யாரும் இசையமாட்டார்கள். மேலும், நிலத்தைத் திருத்தி உண்ணச் சொல்லும் அறிவுரையும் விலைமகளிர் வீட்டை விட்டு விலகச் சொல்லும் அறிவுரையும் ஆத்திசூடியில் உண்டு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவை எதற்கு? அகர வரிசை மனப்பாடத்துக்கு வாய்ப்பாக இருந்தது. பொருள் விளங்குவது பின்னாளுக்கு விடப்பட்டது. பிள்ளைத்தமிழைச் சான்று காட்டுவது இன்னும் வலுவற்றது: அங்கே குழந்தை பாடுபொருள், கேட்பவர் புலமையுடைய பெரியவர். வாய்மொழி விளையாட்டுப் பாடல்களும் விடுகதைகளும் மட்டும் பிள்ளைகளின் சொந்த உடைமை; அதை மறுக்க இடமில்லை. அச்சுலகம்தான் அவற்றைப் பொருட்படுத்தக் காலம் தாழ்த்தியது.

குழந்தையைத் தனி வாசகராக முதலில் எண்ணியவை 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவச் சபையார் நடத்திய சிறுவர் இதழ்கள். அவற்றுக்கும் குழந்தை என்பது நெறிப்படுத்த வேண்டிய ஆன்மாவாகவே இருந்தது. பாரதியின் பாப்பா பாட்டு அதை நேரே விளித்துப் பேசியது. கவிமணி அந்த வழியில் நெடுந்தொலைவு சென்றார். ஆயினும் குழந்தைகளுக்கு எழுதுவதையே தம் முழு அடையாளமாகக் கொண்டவர்கள் ஒரு கூட்டமாகத் திரண்டது 1940களுக்குப் பின்னரே. 1947இல் அம்புலிமாமா வந்தது, 1950இல் அழ. வள்ளியப்பாவின் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைந்தது. பெ. தூரனின் பொறுப்பில் 10 தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் உருவாகும் அளவுக்கு அந்த வாசகர் பின்னர் வளர்ந்துவிட்டார்.

பழைய நூல்கள் திருத்தப்பட்டதும் இந்த வாசகருக்காகத்தான். பஞ்சதந்திரத்தில் கணவனை ஏய்க்கும் மனைவியும் அவளுக்காக மூக்கறுபடும் நாவிதன் மனைவியும் சிறுவர் பதிப்புகளில் காணாமற்போயினர். வேதாளக் கதைகளின் காமச் சுவை அம்புலிமாமாவில் நியாயப் புதிராக உருமாறியது. எதை வெட்டினார்கள் என்பதே யாருக்காக வெட்டினார்கள் என்பதற்குச் சான்று. இது பத்திரிகைச் சந்தை செய்த வேலை, இலக்கிய வளர்ச்சியன்று எனச் சிலர் வாதிடலாம். வள்ளியப்பாவுக்குச் சோறு போட்டது வங்கி வேலை. சந்தை ஒன்றையே காரணமாக்கினால் அவரைப் போன்றவர்களின் உழைப்புக்கு விளக்கமில்லை. ஆனால் அந்த வாதத்தில் ஒரு பகுதி மெய். காசு கொடுத்து இதழ் வாங்க இயன்ற வீட்டுப் பிள்ளைகளே முதலில் அந்த வாசகர்கள். திண்ணைப் பள்ளியின் படியேற விடப்படாத சாதிகளின் குழந்தைகள், பொதுப் பள்ளிகள் ஊர்தோறும் பரவிய பிறகே பெருமளவில் அவ்வட்டத்துக்குள் வர முடிந்தது. ஔவையில் தொடங்கும் வரலாறு, எல்லாப் பிள்ளைகளும் என்றும் படித்துவந்ததுபோல் காட்டி இந்த விலக்கலைக் கண்ணில் படாமல் செய்துவிடுகிறது.